விலை ஓடுது, சம்பளம் நடக்குது: வாஷி மார்க்கெட்டிலிருந்து ஒரு பணவீக்கக் கணக்கு

2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவு இது. உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால், விலைகள் ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட 5.02 சதவீதம் குறைவாக இருந்தன.

இதைக் கேட்டால் தாராவியிலோ செம்பூரிலோ குடும்பம் நடத்துபவர்கள் சிரிப்பார்கள். "எங்க குறைஞ்சுது? இருபதாம் தேதியே கை காலியாயிடுதே!" என்பார்கள்.

அப்படியானால் அரசின் கணக்கு தப்பா, இல்லை வீட்டுக் கணக்கு தப்பா? இரண்டும் சரிதான். இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. அரசு சொல்வது விலை ஏறும் வேகம். வீடு சொல்வது விலைக்கும் வருமானத்துக்கும் நடுவில் விழுந்த இடைவெளி. அந்த இடைவெளி எப்படி உருவாகிறது, யாருக்கு அது பெரிதாகிறது என்பதை மும்பையின் அடுப்படிக்கெல்லாம் சரக்கு அனுப்பும் வாஷி மார்க்கெட்டை வைத்தே பார்க்கலாம்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறையுமா?

குறையாது. பணவீக்கம் என்பது ஓராண்டில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதைக் காட்டும் சதவீதம். அது 7-லிருந்து 4 ஆனால், விலை ஏறுவது மெதுவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஏறிய விலை அங்கேயேதான் நிற்கும். அதன் மேல் இன்னும் 4 சதவீதம் சேரும்.

இந்தியாவின் ஆண்டு சராசரிப் பணவீக்கத்தை வரிசையாகப் பாருங்கள். 2020-21-ல் 6.2 சதவீதம், 2021-22-ல் 5.5, 2022-23-ல் 6.7, 2023-24-ல் 5.4, 2024-25-ல் 4.6. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஆனால் இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன. 2019-20-ல் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான்களுக்கு 2024-25-ல் கிட்டத்தட்ட 132 ரூபாய் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பணவீக்கம் 0.25 ஆனாலும், அந்த 132 மறுபடி 100 ஆகிவிடாது.

சம்பளம் கூடியும் எப்படிக் குறைகிறது?

கையில் வாங்கும் தொகை ஒன்று. அந்தத் தொகையால் எவ்வளவு வாங்க முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பொருளாதாரத்தில் 'உண்மை ஊதியம்' என்கிறார்கள்.

ஒரு உதாரணம். 2019-20-ல் மாதம் 15,000 ரூபாய் வாங்கிய ஒரு கடை ஊழியர் 2024-25-ல் 18,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மூவாயிரம் ஏத்திக் கொடுத்திருக்கேனே" என்பார் முதலாளி. அதுவும் உண்மைதான். ஆனால் விலைவாசி 32 சதவீதம் ஏறியிருக்கிறது. பழைய வாழ்க்கையை அப்படியே நடத்தவே அவருக்குச் சுமார் 19,800 ரூபாய் வேண்டும். அவர் வாங்கும் 18,000-த்தின் மதிப்பு, பழைய கணக்கில் 13,650 ரூபாய்தான். சம்பளச் சீட்டில் மூவாயிரம் கூடியிருக்கிறது, அரிசிப் பையில் 1,350 ரூபாய் குறைந்திருக்கிறது.

இது கற்பனை உதாரணம். ஆனால் தேசிய அளவிலும் இதே போக்கு தெரிகிறது. மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையின்படி, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், மாதச் சம்பளம் வாங்கும் ஆண்களின் சராசரி வருமானம் 2017-18-ல் 12,665 ரூபாயாக இருந்து 2023-24-ல் 11,858 ஆகக் குறைந்திருக்கிறது. சுயதொழில் செய்யும் ஆண்களுக்கு 9,454-லிருந்து 8,591. சுயதொழில் செய்யும் பெண்களுக்கு 4,348-லிருந்து 2,950. அன்றாடக் கூலிக்காரர்களின் உண்மைக் கூலி மட்டும் இதே காலத்தில் உயர்ந்தது. ஆண்களுக்கு 203-லிருந்து 242 ரூபாய், பெண்களுக்கு 128-லிருந்து 159 ரூபாய். ஆனால் அது ஏற்கெனவே மிகத் தாழ்வாக இருந்த கூலி.

ஒரு மூட்டை வெங்காயம், பல பேர் வருமானம்

மஸ்ஜித் பந்தர், பைகுலா, கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் நெருக்கியடித்து நடந்த மொத்த வியாபாரம் 1980களிலும் 1990களிலும் கட்டம் கட்டமாக நவி மும்பைக்கு மாற்றப்பட்டது. துர்பே பக்கம் விரிந்திருக்கும் அந்த ஏபிஎம்சி வளாகத்தைத்தான் எல்லோரும் 'வாஷி மார்க்கெட்' என்கிறார்கள். வெங்காயம்-உருளை, காய்கறி, பழம், மசாலா, தானியம் என ஐந்து தனித்தனி மார்க்கெட்டுகள். நாசிக் மாவட்டத்திலிருந்து லாரியில் வரும் வெங்காயம் இங்கே இறங்கி, டெம்போவில் ஏறி, பாலம் தாண்டி மும்பைக்குள் போகிறது.

அந்த ஒரு மூட்டையைப் பின்தொடர்ந்தால், வெங்காய விலை ஏறும்போது யாருக்கு என்ன ஆகிறது என்பது புரியும்.

கமிஷன் ஏஜென்டுக்கு விற்ற தொகையில் சதவீதம். விலை ஏறினால் அவர் வரும்படியும் தானாக ஏறும்.

மூட்டை சுமப்பவர் மாத்தாடி தொழிலாளி. 'மாத்தா' என்றால் மராத்தியில் தலை, அதாவது தலைச்சுமைக்காரர். அண்ணாசாகேப் பாட்டீல் முன்னின்று நடத்திய போராட்டங்களின் விளைவாக 1969-ல் மகாராஷ்டிரா இவர்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூலியையும், வருங்கால வைப்பு நிதி, போனஸ் போன்றவற்றுக்கான தொகையையும் வியாபாரிகள் வாரியத்தில் கட்ட வேண்டும். வாரியம் தொழிலாளிக்குக் கொடுக்கும். கூலி வெங்காய விலையோடு ஏறாது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்கார ஒரு மேஜையாவது இருக்கிறது.

கடைசியில் அந்த வெங்காயம் போய்ச் சேருவது வீடுகளுக்கும் சின்னச் சின்ன சாப்பாட்டுத் தொழில்களுக்கும். தாராவியில் விடியும் முன்பே இட்லி அவித்து, நகரம் முழுக்கக் கொண்டுபோய் விற்கும் தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்து, அரிசி, தேங்காய், வெங்காயம், கேஸ் எல்லாம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று ஏறும். ஆனால் தட்டு விலையை அப்படி ஏற்ற முடியாது. ஏற்றினால் ஐந்தோ பத்தோ ஏற்ற வேண்டும், ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார். அதுவரை சட்னி தண்ணியாகும், இட்லி கொஞ்சம் சின்னதாகும், மீதி நஷ்டம் வீட்டுக்காரரின் உழைப்புக் கூலியில் கழியும். இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளி இல்லை, அதனால் 'ஊதிய உயர்வு' என்று கேட்கவும் ஆள் இல்லை.

மூட்டை கிளம்பிய இடத்தில் விவசாயி இருக்கிறார். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. டிசம்பர் 8 முதல் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 மே மாதம்தான் தடை நீங்கியது. மும்பையில் விலை கட்டுக்குள் நிற்க இது உதவியிருக்கலாம். ஆனால் லாசல்காவ் மண்டியில் அதே விலைதான் விவசாயியின் சம்பளம். 2025-ல் உணவு விலை 5 சதவீதம் இறங்கியபோது, ஒருவர் வீட்டுச் செலவு குறைந்தது, இன்னொருவர் வருமானம் குறைந்தது.

'சராசரி' என்பது யார் வீடு?

சில்லறைப் பணவீக்கத்தைக் கணக்கிட அரசு ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவுப் பட்டியலை வைத்துக்கொள்கிறது. 2012 அடிப்படையிலான வரிசையில், அந்தப் பட்டியலில் உணவுக்கும் பானங்களுக்கும் கிராமங்களில் 54.18 சதவீத இடம், நகரங்களில் 36.29 சதவீத இடம். நகரம் என்றால் அதில் மாட்டுங்காவின் சொந்த ஃப்ளாட்டும் உண்டு, தாராவியின் வாடகை கோலியும் உண்டு.

இரண்டு வீடுகளை ஒப்பிடுவோம். ஒரு வீடு மாதம் 20,000 செலவழிக்கிறது, அதில் சாப்பாட்டுக்கே 11,000, அதாவது 55 சதவீதம். இன்னொரு வீடு 1,20,000 செலவழிக்கிறது, அதில் சாப்பாட்டுக்கு 24,000, அதாவது 20 சதவீதம். உணவு விலை 10 சதவீதமும் மற்றவை 3 சதவீதமும் ஏறினால், முதல் வீட்டின் பணவீக்கம் 6.85 சதவீதம். இரண்டாவது வீட்டுக்கு 4.4 சதவீதம்தான். நகரம் ஒன்று, மாதம் ஒன்று, வலி மட்டும் வேறு.

2024 அக்டோபரில் இதுதான் நடந்தது. மொத்தப் பணவீக்கம் 6.21 சதவீதம். காய்கறி விலை மட்டும் 42.18 சதவீதம் ஏறியிருந்தது.

சில செலவுகள் ஒரே நாளில் எகிறும். 2025 மே 9 முதல் பெஸ்ட் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது, ஏசி பஸ்ஸில் 6-லிருந்து 12. தினம் இரண்டு முறை, மாதம் 26 நாள் சாதா பஸ்ஸில் போகிறவருக்கு 260 ரூபாய் செலவு 520 ஆனது. ஒரு சராசரிக் குறியீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் மாதக் கணக்கில் நன்றாகத் தெரியும்.

விலை சரிவுப் பாதை, சம்பளம் படிக்கட்டு

விலை கொஞ்சம் கொஞ்சமாக, நிற்காமல் ஏறுகிறது. சம்பளமோ எப்போதாவது ஒரு படி ஏறுகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் காத்திருக்கும் காலம்தான் நஷ்டக் காலம்.

மும்பை ஆட்டோக் கட்டணம் நல்ல உதாரணம். 2022 அக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் 21-லிருந்து 23 ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2025 பிப்ரவரி 1-ம் தேதிதான், 26 ரூபாயாக. அது 13 சதவீத உயர்வு. இடையில் 2022 அக்டோபரிலிருந்து 2024 அக்டோபர் வரை மட்டுமே நாட்டின் விலைவாசி சுமார் 11 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது கட்டணம் கடைசியில் விலையை எட்டிப் பிடித்துவிட்டது. ஆனால் நடுவில் போன 28 மாதங்களில் ஓட்டுநர் பழைய மீட்டரில் ஓட்டி, புதிய விலையில் சாப்பிட்டார். அந்த நஷ்டத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

யாருக்குக் கயிறு கட்டியிருக்கிறது?

சிலருடைய வருமானம் மட்டும் விலைவாசியோடு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. விலை ஏறினால் அதையும் இழுத்துக்கொண்டு போகும்.

மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி அப்படிப்பட்டது. தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து, ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்துகிறார்கள். 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட இந்தக் குறியீட்டுக்கு நாடு முழுவதும் 88 மையங்களில் விலை சேகரிக்கிறார்கள். மும்பை, சென்னை, கோவை எல்லாம் அதில் உண்டு. 2025 ஜூலையில் அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 58 சதவீதமாக இருந்தது. இந்தக் கயிறும் அறுபடாதது அல்ல. கொரோனா காலத்தில் மூன்று தவணை உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 ஜூலையில்தான் 17-லிருந்து 28 சதவீதமாக்கினார்கள்.

குறைந்தபட்சக் கூலியிலும் விலைவாசியோடு மாறும் படி ஒன்று உண்டு. மத்திய அரசு அதை ஏப்ரலிலும் அக்டோபரிலும் திருத்துகிறது. காகிதத்தில் இது பலருக்கும் பொருந்தும். கையில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கதை.

கயிறே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கப் போகும் அக்கா, நாகாவில் வேலைக்காக நிற்கும் கொத்தனார், தள்ளுவண்டிக்காரர். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களும் இதில் அடக்கம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேலாகியும் அது ஏறவில்லை. ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்று வைத்தால்கூட, பத்தாண்டில் அந்த ஆயிரத்தின் மதிப்பு 614 ரூபாயாகிவிடும்.

இந்தக் கயிறு எப்படி வந்தது?

யாரும் தானாகக் கட்டிவிடவில்லை. அதன் ஒரு பெரிய பகுதி மும்பையிலேயே நடந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் தானியமும் துணியும் விலை எகிறின. மில் கூலி கூடவே வரவில்லை. 1919 ஜனவரியில் லட்சத்துக்கும் மேற்பட்ட மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1920-லும் நிறுத்தினார்கள். "வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியிருக்கு?" என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்தது. 1921-ல் பம்பாய் தொழிலாளர் அலுவலகம் தொடங்கப்பட்டு, 1914 ஜூலை விலையை 100 என்று வைத்து, உழைக்கும் மக்களின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டை வெளியிட ஆரம்பித்தது.

1972-ல் மிருணாள் கோரே, அகில்யா ரங்கனேகர் போன்றவர்கள் தலைமையில் மும்பைப் பெண்கள் விலைவாசி எதிர்ப்பு முன்னணி ஒன்றை அமைத்தார்கள். சப்பாத்திக் கட்டையும் தட்டும் ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். சம்பளம் வாங்காத பெண்கள்தான் விலையேற்றத்தை முதலில் உணர்கிறார்கள் என்பதை அந்த ஊர்வலங்கள் காட்டின. 1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தபோதும், விலைவாசியோடு இணைந்த அகவிலைப்படி முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று.

சம்பளத்தை ஏற்றினால் விலையும் ஏறாதா?

இது நியாயமான கேள்விதான். சம்பளம் கூடினால் முதலாளிக்குச் செலவு கூடும், அவர் பொருளின் விலையைக் கூட்டுவார், தொழிலாளி மறுபடி சம்பளம் கேட்பார். இப்படி ஒன்றையொன்று துரத்தும் சுழல் உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது.

ஆனால் விலை ஏறும்போதெல்லாம் காரணம் சம்பளம்தான் என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில் தக்காளி சில ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியதற்கு யார் சம்பளமும் காரணமில்லை, மழையும் விளைச்சலும்தான் காரணம். நிறுவனங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். அதே பொருளாதார ஆய்வறிக்கை, 2023-24-ல் பெருநிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தபோது வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே கூடியது என்கிறது. செலவுச் சுமையில் ஒரு பகுதியை லாபம் ஏற்கலாமா என்ற கேள்வியும் இந்த விவாதத்தில் சேர வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் கையில் இருப்பது வட்டி. பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு சதவீதம் மேலே கீழே போகலாம் என்ற வரம்புக்குள் வைப்பது அதன் பொறுப்பு. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியது. இதனால் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும், விலை வேகம் தணியும். ஆனால் வட்டியை ஏற்றி வெங்காயம் விளைவிக்க முடியாது. வீட்டுக்கடன் தவணை கட்டுபவருக்கோ விலையும் ஏறி, தவணையும் ஏறும்.

கயிறு இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் போகும்?

இலங்கை மலையகத்தைப் பார்த்தால் தெரியும். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர்களின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். அந்த ஓராண்டிலேயே 1,000 ரூபாயின் வாங்கும் சக்தி சுமார் 590 ரூபாயாகச் சுருங்கியது. அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக உயர்ந்தது 2024-ல்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

முதலில், மூன்று வருடம் முன்பு வாங்கிய சம்பளத்தையும் இப்போது வாங்குவதையும் எழுதுங்கள். எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, உங்கள் வீட்டின் பத்து முக்கியச் செலவுகளை எழுதுங்கள். வாடகை, அரிசி, எண்ணெய், பால், காய்கறி, கேஸ், பஸ்-ரயில், பள்ளிக் கட்டணம், மருந்து, கடன் தவணை. அப்போது மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? வாங்கும் அளவை மாற்றாமல் கணக்குப் போடுங்கள். "இப்ப பால் அரை லிட்டர்தான் வாங்குறோம், அதனால செலவு ஏறலை" என்றால், அதுவும் பணவீக்கம்தான்.

இரண்டாவது சதவீதம் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், சம்பள உயர்வு என்ற பெயரில் உங்களுக்குக் கிடைத்தது சம்பளக் குறைப்பு.

சம்பளம் பற்றிப் பேசப் போகும்போது "வேலை கஷ்டமா இருக்கு" என்று ஆரம்பிப்பதைவிட இந்த இரண்டு எண்களோடு ஆரம்பிப்பது பலம். உங்கள் தொழிலுக்கு மாநில அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியும் சிறப்புப் படியும் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே கொடுத்தால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம்.

செய்தியில் பணவீக்கம் இத்தனை சதவீதம் என்று வரும்போது, அது விலையின் வேகத்தை மட்டும் சொல்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வருமானம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது, கடைசியாக அது எப்போது ஏறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் உங்கள் வீட்டுக்கு என்ன செய்கிறது என்பது தெரியும்.